மூடியில்லாத பெட்டியும் ஒரு மாற்றல் கடிதமும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நான் நிறுத்துகிற ஆள் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். எப்படி வரைவது, எந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு சூடு தாங்கும், அச்சுக்காரர்களிடம் எப்படிச் சண்டை போட்டு வேலை வாங்குவது, இதெல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். நான் எழுதப்போவது ஒரு சிரிப்பைப் பற்றி. ஒரு வியாழக்கிழமை காலையில் நான் சிரித்த சிரிப்பு. முப்பது வருட வேலையில் நான் செய்த தவறுகளை வரிசையில் நிறுத்தினால் அதுதான் முதலில் நிற்கும்.

உலு திராம் தொழிற்சாலையில் நம் வடிவமைப்பு அறையின் பின்சுவரைப் பார்த்திருப்பீர்கள். வியாழன் காலை பத்து மணிக்கு அதில் தாள் ஒட்டும் வழக்கத்தை ஆரம்பித்தவன் நான். ஒரு தாளில் ஒரு யோசனை. வடிவமைப்பாளரும் ஒட்டலாம், மாதிரி செய்பவரும் ஒட்டலாம், பேக்கிங் பிரிவிலிருந்து சும்மா எட்டிப் பார்க்க வந்தவரும் ஒட்டலாம். விதி ஒன்றே ஒன்று. அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் எந்த யோசனையையும் 'முடியாது' என்று சொல்லக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி, நாற்காலிமேல் ஏறி, சுவரின் உச்சியில் நானே ஒட்டினேன்.

இந்த வழக்கம் என் மூளையில் முளைத்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். என் முதல் தொழிற்சாலையில் எனக்கு மேலே இருந்த ஒருவர் எந்தக் கூட்டத்திலும் கடைசியாகத்தான் பேசுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் முதல்ல வாயத் தொறந்தா, மத்தவங்க என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருவாங்கடா" என்றார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எங்கள் கூட்டங்களில் நான் ஒருநாளும் முதலில் பேசியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை ஒரு சாப்பாட்டுப் பெட்டி. நம் ஆட்கள் தினமும் இருட்டு விலகுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்களே, அவர்களுக்கான பெட்டி. கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிளில் சீட்டுக்கு முன்னால் ஒரு கொக்கி இருக்கும், அதில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கேட்டவர் சிங்கப்பூரில் பொருள் வாங்கி விற்கும் ஓர் அம்மையார். சாப்பாடு பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவர் சொன்னது. மற்றதெல்லாம் நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

பத்திரம் என்றதும் எனக்கு மூடி ஞாபகம் வந்தது. மூடி என்றால் தாழ் வேண்டும். நான்கு மாதம் அந்தத் தாழோடு குடும்பம் நடத்தினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தினால் 'டக்'கென்று திறக்கும், விட்டால் ஒரு சொட்டுக் குழம்பு வெளியே வராது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே வீட்டுக்கு ஒரு மாதிரியை எடுத்துப்போய்த் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே திறந்து திறந்து மூடுவேன். ஒருநாள் என் மனைவி அதைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்துவிட்டாள்.

அப்படி இருந்த சமயத்தில்தான் ஒரு வியாழக்கிழமை மேரி ஒரு தாளை ஒட்டினார்.

மேரியை இப்போது உங்களுக்கெல்லாம் தெரியும். அப்போது அவர் மாதிரி அறையில் வேலை பார்த்தார். நாங்கள் வரைந்து கொடுப்பதைக் கையால் செய்து காட்டும் வேலை. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். என்னைவிட ஆறேழு வயது இளையவர். ரம்பத்தையும் அரத்தையும் அவர் பிடிப்பதைப் பார்த்தால் நமக்குக் கை எதற்கு இருக்கிறது என்று தோன்றும், ஆனால் படம் வரைய வராது. அன்று அவர் ஒட்டியது பொட்டலம் மடிக்கும் பழுப்புத் தாள். அதில் வாளி மாதிரி ஒன்று. வாளியின் வாயில் இரண்டு கோடு. கீழே 'மூடி வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

நான் 'முடியாது' என்று சொல்லவில்லை. விதியை எழுதியவனே நான்தானே. சிரித்தேன். நன்றாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அலமாக், மேரி! குழம்ப ரோட்டுக்கே ஊத்திக் குடுத்துரலாம்னு சொல்றீங்களா? மூடியில்லா மேரி!" என்றேன். அறையில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். மேரியும் சிரித்தார். தாளைத் தானே எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் அடுத்த தாளுக்குப் போனோம்.

அடுத்த வியாழன் மேரி எதுவும் ஒட்டவில்லை. அதற்கடுத்த வியாழன் கூட்டத்துக்கே வரவில்லை, மெஷினில் வேலை இருக்கிறது என்றார். நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை என்பதுதான் சரி. நான் வைத்த பட்டப்பெயர் மட்டும் அதுபாட்டுக்கு நடந்து கேண்டீன்வரை போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, என் மேசையில் மாற்றல் கடிதம் இருந்தது. மேரி பேக்கிங் பிரிவுக்குப் போகக் கேட்டிருந்தார். அங்கே சம்பளமும் குறைவு, நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. பதினோரு வருடம் மாதிரி அறையில் இருந்த ஒருவர் அதை ஏன் கேட்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் என் கையெழுத்து வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதே வெள்ளிக்கிழமைதான் சிங்கப்பூர் அம்மையார் பெட்டியைப் பார்க்க வருகிறார். எனக்குப் பெட்டிதான் பெரிதாகத் தெரிந்தது. கடிதத்தை இழுப்பறையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வெயிலில்தான் எல்லாவற்றையும் சோதித்திருந்தோம், சரி, மழையிலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரே ஆள் ஹஃபிஸ். அவன் மழைக்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வாகனம் நிறுத்தும் இடத்தில் தன் கப்சாயில் உட்கார்ந்தான். கொக்கியில் என் பெட்டி. இடது கையில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு குட்டி நோட்டு. நான் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு பாலத்துச் சோதனைச் சாவடி அதிகாரி மாதிரி, "பெட்டியைத் திற" என்றேன்.

ஒரு கையால் திறக்க வரவில்லை. இரண்டு பக்கமும் அழுத்த வேண்டுமே. கையுறை வழுக்கியது. கடைசியில் நோட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினான். மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. கால் ஊன்றிப் பிடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹஃபிஸ் சிரிக்கவில்லை. நனைந்த நோட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு மலாயில் நிதானமாகச் சொன்னான்:

"பாஸ், எனக்குப் பின்னால நூறு மோட்டார் சைக்கிள் நிக்குது. எல்லாரும் ஹார்ன் அடிக்கிறாங்க. நான் பாஸ்போர்ட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்." பிறகு, "மேரி அக்கா அன்னைக்கு என்ன சொல்ல வந்தாங்கன்னு நாம கேக்கவே இல்ல" என்றான்.

சுருக்கென்றது. கூரைக்குக் கீழே நின்றபடியே ஒன்றை ஒப்புக்கொண்டேன், உங்களிடமும் ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று அந்தப் பழுப்புத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் பயம் வந்தது. மூடியே வேண்டாம் என்றால் என் தாழ் எதற்கு? என் நான்கு மாதம் எதற்கு? அந்தப் பயம் தொண்டைக்கு வந்தபோது சிரிப்பாக மாறிவிட்டது. மேரியின் படம் வேடிக்கையாக இருந்ததால் நான் சிரிக்கவில்லை. அது சரியாக இருந்துவிடுமோ என்றுதான் சிரித்தேன்.

நேரே மாதிரி அறைக்குப் போனேன். மேரி ஏதோ ஒன்றை அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேரி, அந்தப் படம் இருக்கா?"

"எந்தப் படம்ண்ணே?"

"அதான்… மூடி இல்லாம."

"தூக்கிப் போட்டுட்டேன்."

அரம் நிற்கவில்லை. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் சிரிச்சது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

"பரவால்லண்ணே."

"அப்ப அந்தக் கடுதாசியத் திரும்ப வாங்கிக்கிறீங்களா?"

"இல்லண்ணே."

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே."

மேரி அரத்தைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை. "நீங்க தனியா வந்து கேட்டா உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சிரிச்சது எல்லாரும்லா. கேண்டீன்ல மீ கோரெங் போடுற அக்காகூட மூடியில்லா மேரின்னுதான் கூப்புடுறாங்க. போன வாரம் என் மக என்னைக் கூட்டிட்டுப் போக வந்தா, அவ காதுலயும் விழுந்துருச்சு. ஏம்மா உன்னைய அப்படிச் சொல்றாங்கன்னு கேக்குறா. நான் என்னாண்ணே சொல்றது? பேக்கிங்ல டப்பாவ அடுக்கலாம். அங்க யாரும் என்கிட்ட யோசனை கேக்க மாட்டாங்க, சிரிக்கவும் மாட்டாங்க."

ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், பயந்த மனிதர். "வெள்ளிக்கிழமைய முதல்ல ஓட்டிருவோம். அந்தம்மா மழையிலயா வந்து திறந்து பாக்கப் போறாங்க? ஏசி ரூம்ல மேசையில வைப்போம், டக்குன்னு திறக்கும், ஆர்டர் வரட்டும். அப்புறமா மாத்திக்கலாம்" என்றார். உண்மையில் அது எனக்கு இனித்தது. தாழ் பிழைக்கும், என் பெயர் பிழைக்கும். மேரியின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கதையும் முடிந்துவிடும். அன்று சாயங்காலம் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகிற வழியெல்லாம் அந்த ஏற்பாடு எவ்வளவு நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவ்வளவு தூரம் சொல்லியும் நம்பிக்கை வரவில்லை.

வியாழன் காலை பத்து மணி. மேசையில் வழக்கம்போல நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், தே ஓ என்ற பாலில்லாத் தேநீரை ஊற்றி முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகள். ஹஃபிஸை அனுப்பி மேரியைக் கூட்டிவரச் சொன்னேன். வந்து கதவோரம் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கூட்டத்தில் நான் முதலில் பேசினேன்.

"மூணு வாரத்துக்கு முன்னால மேரி ஒரு யோசனைய ஒட்டினாங்க. நான் சிரிச்சேன். முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டு, அதவிட மோசமானதச் செஞ்சேன். முடியாதுன்னு சொல்லியிருந்தா ஏன்னு அவங்க கேட்டிருக்கலாம். சிரிப்புக்கு என்ன பதில் சொல்ல முடியும்? என் லாக் வேணாம்னு ஆயிருமோன்னு பயந்துதான் சிரிச்சேன். அந்தப் பேர வச்சதும் நான்தான். இனிமே அப்படி யாரும் கூப்பிடக் கூடாது. மேரி, என்னை மன்னிக்கணும்."

தமிழில் பாதி, மலாயில் பாதி, தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். காது மடல் சுட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேரி வெளியே போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கீறல் விழுந்த பெட்டி. ஒரு மூலையில் மஞ்சள் கறை. வாயில் மூடி இல்லை. பழைய கால்மிதி ரப்பரை வெட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்திக்கிற மாதிரி பொருத்தியிருந்தார். நாங்கள் படத்தில் பார்த்த இரண்டு கோடு அதுதான்.

"என் வீட்டுக்காரர் தினமும் பாலம் தாண்டிப் போறாரு" என்றார் மேரி. "இத மூணு வாரமா கொண்டு போறாரு. கைய விட்டா உள்ள போவும், எடுத்தா தானா சேந்துக்கும். ஒரு கை போதும். திறந்து காட்டச் சொன்னா ரப்பர ஒதுக்கிக் காட்டிருவாரு. மேல மழைக்கோட்டு மூடிக்குது."

"குழம்பு சிந்தாதா?" என்று ஒருவர் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே.

மேரி மேசையில் இருந்த தே ஓ பையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இது சிந்துதா? நாம யாரு குழம்ப டப்பாவுல ஊத்திக் கொண்டு போறோம்? வீட்டுல கட்டுனாலும், கடையில வாங்குனாலும் பிளாஸ்டிக்ல முடிச்சுப் போட்டுத்தானே கொண்டு போறோம். முடிச்சுதாண்ணே மூடி. பெட்டி நசுங்காம பாத்துக்கிட்டா போதும்."

நான்கு மாதம். ஒவ்வொரு வியாழனும் அந்த மேசையில் அதே முடிச்சுப் பைகளை வைத்துக்கொண்டு, அதே பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, குழம்பு சிந்தாத மூடிக்கு நாங்கள் வழி தேடியிருக்கிறோம். இந்தமுறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஹஃபிஸ் மட்டும் பெட்டிக்குள் கையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை அம்மையார் வந்தார். மேசையில் இரண்டு பெட்டியையும் வைத்தேன். ஒன்று பளபளவென்று என்னுடையது, இன்னொன்று கறையோடு மேரியுடையது. மேலாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இதற்கு ஏன் மூடி இல்லை என்று அம்மையார் கேட்டார். எனக்குப் பதில் நுனி நாக்கில் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "செய்தவங்க சொல்வாங்க" என்று மேரியைக் காட்டினேன்.

மேரிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. அதனால் அவர் விளக்கவே இல்லை. அம்மையாரின் இடது கையில் அவருடைய கைப்பையைக் கொடுத்தார். வலது கையில் ஹஃபிஸின் ஈரக் கையுறையை மாட்டிவிட்டார். என் பெட்டியைக் காட்டி, "திறங்க" என்று சைகை செய்தார். அம்மையார் போராடினார். கைப்பை கீழே விழுந்தது. பிறகு அடுத்த பெட்டியைக் காட்டினார். கை உள்ளே போய், பொட்டலத்தோடு வெளியே வந்தது. அம்மையார் மறுபடி கையை விட்டார். மூன்றாவது முறையும் விட்டார். அதற்குப் பிறகுதான், மழைத் தண்ணீர் உள்ளே தேங்காதா என்று கேட்டார். மேரி பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் கோணல்மாணலாக நான்கு ஓட்டை.

"இது என் வேலை இல்ல. என் வீட்டுக்காரரே போட்டுக்கிட்டாரு" என்றார் மேரி மலாயில். ஹஃபிஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

ஆர்டர் அன்றே வரவில்லை. ரப்பரை மாற்றி, ஓட்டையை ஒழுங்காக்கி, இன்னும் இரண்டு மாதம் ஓடியது. பிறகு வந்தது. என் தாழ் எந்தப் பொருளிலும் ஏறவில்லை. அதற்காக வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அலமாரிமேல் இன்னும் இருக்கிறது, என் மனைவி தூசி தட்டும்போது 'டக்'கென்று சத்தம் கேட்கும், ஒருகணம் மனசு வலிக்கும். பிறகு சரியாகிவிடும்.

அம்மையார் கிளம்பிய பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு மேரியிடம் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய நாள் அது. "கிழிச்சுப் போட்டுரட்டுமா?" என்றேன்.

மேரி கையை நீட்டித் தடுத்தார். "வேணாம்ண்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும். மறுபடி ஒருநாள் அப்படிச் சிரிச்சீங்கன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, நான் போயிடுறேன்."

வைத்துக்கொண்டேன். என் இழுப்பறையில், பேனாக்களுக்கு அடியில், நான் வேலையை விட்டு வரும்வரை அது இருந்தது. சிரிப்பு தொண்டைவரை வந்த நாட்கள் நிறைய. அப்போதெல்லாம் இழுப்பறையை லேசாகத் திறந்து மூடுவேன். சுவர் உச்சியில் இருந்த என் பழைய விதியையும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது மேரி எழுதியது: 'முதலில் கேள்.' எழுத்து கொஞ்சம் கோணல்தான், அவருக்கு எழுதவும் அவ்வளவு அழகாக வராது.

என் கடைசி வேலை நாள் ஒரு வியாழக்கிழமையாக அமைந்தது. அறைக்குப் பொறுப்பாளராக மேரியை நியமித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தாள் ஒட்டும் நேரம். இழுப்பறையைக் காலி செய்தபோது கையில் வந்த கடிதத்தை அவரிடமே கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார். "இன்னும் வச்சிருக்கீங்களா? கையெழுத்தே போடலையேண்ணே."

"வாய்ப்பு வரல."

"வந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க இழுப்பறையத் திறந்து திறந்து மூடுவீங்க." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். சட்டென்று கடிதத்தைத் திருப்பி மேசையில் வைத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் என்னவோ வரைந்தார். எழுந்து போய்ச் சுவரில் ஒட்டினார்.

நானும் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள். வட்டமாக ஒன்று, அதிலிருந்து நான்கு கால் மாதிரி ஏதோ, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. ஆமையா, மின்விசிறியா, சத்தியமாகத் தெரியவில்லை. மேரி கைகட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேரி, இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டேன்.

"உக்காருங்கண்ணே, சொல்றேன்" என்றார். உட்கார்ந்தேன். என் பிரிவுபசாரத்துக்கு வாங்கிய கேக் மத்தியானம்வரை வெட்டாமலே இருந்தது.